பெட்டைக்குதிரைக்கு ஒரு பிடி சுண்ணக்கல்

கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ் முனகிக்கொண்டு ஏறும்போது டோசன் கோபுரம் கண்ணில் படும். கொழும்பு - கண்டி ரோட்டை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக எழுந்த கோபுரம் அது. 1832இல் அந்த ரோட்டில் தபால் கோச் வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே அதுதான் முதலாவது என்று சொல்வார்கள். ரயில் கண்டிக்கு வந்து சேர்ந்தது 1867இல். அதற்கு முன் கடிதங்களையும் ஆட்களையும் இந்த மலைக்கு இழுத்து ஏற்றியவை குதிரைகள். பேராதனைக்குப் போகும்போதெல்லாம் அவை என் நினைவுக்கு வரும். எந்த மண்ணில் பிறந்த குதிரைகள் அவை?

குதிரைகள் தாமாகவே பெருகி வாழும் நெடுந்தீவை விட்டுவிட்டால், இந்தக் கேள்விக்கு இலங்கையின் பழைய பதில் 'கப்பலில் வந்தவை' என்பதுதான். கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தைப் பிடித்து 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்ற இரு தமிழரையும் குதிரைக் கப்பல்காரன் ஒருவனின் பிள்ளைகள் என்று மகாவம்சம் அறிமுகம் செய்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த பொருள்களைச் சொல்லும் பட்டினப்பாலையும் கடல்வழி வந்த குதிரைகளைச் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ கணக்கே எழுதிவைத்தார். அரசனும் அவனுடைய நான்கு சகோதரர்களும் ஆளுக்கு ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினார்களாம். ஆண்டு முடியும்போது அவற்றில் நூறுகூட மிஞ்சாதாம். குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்கள் இந்தப் பக்கம் வரவிடுவதில்லை, குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம் என்றும் எழுதினார்.

அவர் எழுதியதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறொரு செய்தி. நல்ல இனத்துப் பெரிய பெட்டைக்குதிரையை நல்ல பொலிக்குதிரையோடு சேர்த்தாலும், இங்கே பிறக்கும் குட்டி கால் கோணிய, சவாரிக்கு உதவாத சின்னப் பிராணியாகவே இருக்கும் என்கிறார். இந்த நாட்டுக் காற்று குதிரைக்கு ஒத்துவராது என்பதே அக்காலத்து விளக்கம். கூடவே, குதிரைகளுக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுக்கிறார்கள் என்றும் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். காற்றை விட்டுவிட்டு அந்தச் சோற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் காற்றின் மேலும் வெயிலின் மேலும் உள்ள பழியைத் தீர்த்துவிடலாம். பெட்டைக்குதிரையின் சூலகத்தை ஆள்வது பகலின் நீளம். இருட்டும்போது மூளையின் கூம்புச் சுரப்பி மெலற்றோனின் என்ற ஓமோனைச் சுரக்கும். இரவு நீண்டால் மெலற்றோனின் கூடும், சூலகம் உறங்கிவிடும். குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் மாரிகாலப் பகல் 8 மணித்தியாலம்கூட இராது. அங்கே டிசெம்பர் மாதம் ஒரு பெட்டையைச் சினைப்படுத்துவது பெரும்பாடு. ஆகவே வளர்ப்போர் லாயத்தில் மின்விளக்கை எரித்து, பகலை 16 மணித்தியாலமாக நீட்டி, வசந்தம் வந்துவிட்டது என்று அதன் உடலை நம்பவைக்கிறார்கள். கண்டியிலோ ஆண்டின் நெடிய பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையில் ஏறக்குறைய 50 நிமிட வித்தியாசந்தான். நன்றாகத் தின்று உடல் தேறியிருக்கும் பெட்டை இங்கே ஆண்டு முழுவதும் 21, 22 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரக்கூடும். விளக்கும் வேண்டாம், வித்தையும் வேண்டாம். குட்டி உண்டாவதற்கு இந்த மலைநாடு தடையே இல்லை.

பருவம் 5 முதல் 7 நாள் நீளும். பருவம் முடிவதற்கு ஓரிரு நாள் முன்பு முட்டை வெளிவரும், அதையொட்டிச் சேர்க்க வேண்டும். ஒன்றரை வயதுக்குள்ளேயே பெட்டை பருவத்துக்கு வந்துவிடும் என்றாலும் மூன்று வயதாவது ஆகட்டும், அதன் எலும்பு முதிரட்டும் என்று காத்திருப்பது நல்லது. பசுவுக்கு என்றால் குண்டசாலையில் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் நிலையம் இருக்கிறது. குதிரைக்கு நம் ஊரில் அந்த வசதி கிடையாது. நுவரெலியாப் பக்கம் போய் ஆண்குதிரை தேட வேண்டியதுதான்.

கண்டியைச் சுற்றி மாடு வளர்ப்பவர்களுக்குக் குறைவில்லை. மாட்டு அனுபவம் உள்ளவருக்குக் குதிரை எளிது என்று நாம் நினைப்போம். ஆனால் பெட்டைக்குதிரையின் உடல் முக்கியமான இடங்களிலெல்லாம் பசுவிடமிருந்து விலகி நிற்கிறது. அந்த இடங்களில்தான் குட்டியின் உயிர் தொங்குகிறது.

கருப்பையில் தொடங்குவோம். குதிரைக் கரு முதல் 16 நாள் வரை ஓரிடத்தில் ஒட்டாது. ஒரு சிறு பந்துபோலக் கருப்பையின் இரு கொம்புகளுக்கும் இடையே உருண்டு அலையும். 'நான் இருக்கிறேன்' என்று கருப்பையின் மூலைமுடுக்கெல்லாம் சொல்லி, அடுத்த பருவம் வராமல் தடுப்பதற்காக அலைகிறது. அந்த அலைச்சலைத் தடுத்தால் சினை நிற்காது. ஸ்கேன் கருவியில் இதைப் பார்ப்பது எனக்குச் சலிக்காத காட்சி. 14ஆம் நாளில் ஒரு கறுப்பு வட்டம் இங்கே, சற்றுப் பொறுத்தால் அங்கே.

அந்த வயதிலேயே ஸ்கேன் பார்க்கச் சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. பசுவின் சூல்வித்தகம் கருப்பைச் சுவரில் பொத்தான் பொத்தானாக நூறிடம் அளவில் ஒட்டும். குதிரையின் சூல்வித்தகமோ கருப்பையின் உட்சுவர் முழுவதையும் மூடிக்கொண்டு, ஓரங்குலமும் விடாமல் ஊட்டம் எடுக்கும். இரட்டைக் கரு தங்கினால் சுவரைப் பங்குபோட வேண்டிவரும். இரண்டுக்கும் போதாது. பெரும்பாலும் இரண்டும் ஏழெட்டு மாதத்தில் கலைந்துபோகும், தாய்க்கும் ஆபத்து. அதனால் 16 நாளுக்கு முன், இரண்டும் தனித்தனியே உருளும்போதே, ஒன்றை வைத்தியர் விரலால் நசுக்கிவிடுவார். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஒரு குட்டியையாவது காப்பாற்ற வேறு வழி இல்லை. கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியில் உள்ள பின்னவல யானைகள் காப்பகத்தில் 2021 ஓகஸ்ட் 31ஆம் திகதி சுரங்கி என்ற யானை இரட்டைக் குட்டி ஈன்றபோது நாடே கொண்டாடியது. அப்படியொரு கொண்டாட்டத்தைப் பெட்டைக்குதிரையிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இனி அந்தச் சோற்றுக்கு, அதாவது தீவனத்துக்கு, வருவோம்.

மகாவலிக் கரையில், ரோட்டோரத்தில், தேயிலை கைவிட்ட சரிவுகளில் ஆளுயரத்துக்கு நிற்பது கினிப் புல். பட்டிக்காரர் நட்டு வளர்ப்பது நேப்பியர் வகை, முக்கியமாகக் கோயம்புத்தூரிலிருந்து வந்த கோ-3. பசு இவற்றைத் தின்று நன்றாகப் பால் கறக்கும். ஆனால் இந்த வெப்பநாட்டுப் புற்களில் ஒட்சலேற்று என்ற பொருள் நிறைய உண்டு. சேம்பு, கருணைக்கிழங்கு தின்றால் தொண்டை அரிக்கிறதே, அதற்குக் காரணமான பொருளின் குடும்பந்தான் இது. ஒட்சலேற்று கல்சியத்தைக் கண்டால் விடாது. கட்டிப்பிடித்துக் கரையாத உப்பாக மாற்றிவிடும். பசுவின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அதை உடைத்துக் கல்சியத்தை விடுவிக்கின்றன. குதிரைக்கு அந்த நுண்ணுயிர்ப் பட்டறை இருப்பது பெருங்குடலில், அதாவது பயணத்தின் கடைசியில். கல்சியத்தை உறிஞ்ச வேண்டிய சிறுகுடலைப் புல் அதற்கு முன்பே கடந்துவிடுகிறது. ஆகவே வயிறு நிறையப் புல் தின்றும் குதிரை கல்சியப் பட்டினி கிடக்கும். இரத்தப் பரிசோதனையிலும் அது எளிதில் தெரியாது. ஏனென்றால் இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் இதயத்துக்கே ஆபத்து என்பதால், பரதைரொயிட்டுச் சுரப்பி எலும்பைக் கரைத்துக் கரைத்து இரத்தத்தின் கணக்கைச் சரிகட்டிக்கொண்டே இருக்கும்.

இதன் மேல் தவிட்டையும் கொட்டினால் நிலைமை இன்னும் மோசம். அரிசித் தவிட்டில் பொசுபரசு கல்சியத்தைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். பொசுபரசு கூடினாலும் சுரப்பி அதே வேலையைச் செய்யும், எலும்பைக் கரைக்கும். முகவெலும்பும் தாடையும் மென்மையாகி, நாரிழையம் நிறைந்து, இரு கன்னமும் வீங்கும். கால் மாற்றி மாற்றி நொண்டும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதைப் 'பெருந்தலை நோய்' என்பார்கள். ஆலைகளில் தவிடு தின்ற குதிரைகளுக்கு வந்ததால் 'ஆலைக்காரன் நோய்' என்றும் பெயர். அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் வெப்பநாட்டுப் புல் விதைத்த மேய்ச்சல் நிலங்களில் இதே நோய் வந்தபிறகுதான் ஒட்சலேற்றின் கதை தெளிவாயிற்று.

சினைக்குதிரைக்கு இது இரட்டைச் சுமை. 500 கிலோ எடையுள்ள பெட்டைக்குச் சாதாரண நாளில் 20 கிராம் கல்சியம் போதும். சினையின் 11ஆம் மாதத்தில் 36 கிராம் வேண்டும். ஈன்ற முதல் மாதம், பால் கொடுக்கும்போது, 59 கிராம். சோற்றிலும் இறைச்சியிலும் கல்சியம் அற்பம், பொசுபரசோ தாராளம். மார்க்கோ போலோ கண்ட கோணல் கால் குட்டிகள் எலும்புக்குச் சரக்கில்லாமல் பிறந்து வளர்ந்தவை என்றே நான் நினைக்கிறேன். இது என் ஊகம். ஆனால் இன்றைய கால்நடை அறிவியல் அந்தத் தீவனப் பட்டியலைக் கண்டால் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இந்த இடத்தில் நெடுந்தீவு நினைவுக்கு வருகிறது. அங்கே யாரும் ஸ்கேன் பார்ப்பதில்லை, யாரும் தவிடு வைப்பதில்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச் சென்ற குதிரைகளின் வழிவந்தவை தாமாகவே குட்டி போட்டுப் பெருகி வாழ்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி அங்கே குதிரைப் பண்ணையை நடத்தினார். பழைய லாயத்தின் தூண்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. அந்தத் தூண்கள் எதனால் ஆனவை? முருகைக்கல். தீவே முருகைக்கல்லும் சுண்ணாம்புப் பாறையும் கொண்டது. கிணற்றுத் தண்ணீரிலேயே கல்சியம் கரைந்து வருகிறது. யாழ்ப்பாணத்துக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது அதுதான். வரட்சி வந்தால் அந்தக் குதிரைகள் குடிக்கத் தண்ணீரின்றி மடிகின்றன. அது மனத்தை வருத்தும் வேறு கதை. ஆனால் எலும்புக்கு வேண்டியதை அவற்றின் நிலம் கொடுக்கிறது.

கண்டி மலைகள் பெரும்பாலும் கடினமான பழம்பாறை. மேல்மண்ணில் இருந்த கல்சியத்தை நூற்றாண்டு நூற்றாண்டாக மழை கழுவி மகாவலியில் சேர்த்துவிட்டது. மண் புளிப்பேறியது, தேயிலைக்கு உகந்தது, எலும்புக்கு ஏழை. ஆனால் இயற்கை ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. கண்டியிலிருந்து சற்றுத் தொலைவில் திகனப் பக்கம் டொலமைட் வெட்டியெடுக்கிறார்கள். மாத்தளைப் பக்கம் சுண்ணாம்புச் சூளைகள் உண்டு. குதிரையின் தீவனத்தில் நாள்தோறும் அளந்து கலக்கத் தூளாக்கிய சுண்ணக்கல் போதும், மலிவானதுதான். அளவைப் புல்லின் வகையைப் பார்த்து வைத்தியர் சொல்லுவார். கால்நடை மருத்துவப் பட்டப்படிப்புப் பீடம் இருப்பதும் பேராதனையில்தானே, கால்நடை ஆய்வு நிலையம் ஆற்றுக்கு மறுகரையில் கன்னொறுவையில். ஒன்றைமட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வெற்றிலைக்குத் தடவும் நீறிய சுண்ணாம்பை ஒருபோதும் கொடுக்கக் கூடாது, வாயும் குடலும் வெந்துவிடும். சுட்ட சுண்ணாம்பு வேறு, சுடாத கல்லின் தூள் வேறு. வேலியோரத்து இப்பில்-இப்பில் இலையையும் வெட்டிப் போட வேண்டாம். மாடு ஓரளவு தாங்கும். குதிரைக்கோ பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டிவிடும்.

சினைக்காலம் ஏறக்குறைய 340 நாள். 320இலும் ஈனலாம், 365ஐயும் தாண்டலாம். முதல் எட்டு மாதம் கரு மெதுவாகத்தான் வளரும். பிறப்பு எடையில் பாதிக்கு மேல் கூடுவது கடைசி மூன்று மாதத்தில். தீவனத்தை அப்போதுதான் கூட்ட வேண்டும். அப்போதே செப்பும் சேர வேண்டும். தாய்ப்பாலில் செப்பு மிகக் குறைவு என்பதால், பிறந்தபின் வேண்டியதைக் குட்டி வயிற்றிலிருக்கும்போதே ஈரலில் சேமித்துக்கொண்டு வருகிறது. ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு ஏற்புவலித் தடுப்பூசி போட வேண்டும். அதன் பயன் குட்டிக்குப் போய்ச் சேரும் வழியைப் பின்னால் சொல்கிறேன். ஈனும் அறை 14 அடிக்கு 14 அடியாவது இருக்கட்டும். கண்டியின் ஈரத்தில் வைக்கோல் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். மணந்து பார்த்துச் சந்தேகம் வந்தால் வெளியே எறிந்துவிடுங்கள், பூஞ்சணம் சூல்வித்தகம் வரை போய் அழற்சியை உண்டாக்கும்.

ஈனும் நாளை எப்படி அறிவது? மடி இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே கனக்கத் தொடங்கும். வாலடித் தசை தளரும். காம்பு நுனியில் மெழுகுபோல ஒரு துளி உறையும், ஆனால் எல்லாப் பெட்டைக்கும் அல்ல. இவற்றைவிட நம்பத்தக்க சாட்சி மறுபடியும் கல்சியம். ஈனும் வேளை நெருங்க நெருங்க மடிச்சுரப்பில் கல்சியம் திடீரென ஏறும். தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதிக்கும் காகிதப் பட்டையே போதும். காய்ச்சி வடித்த நீரில் சில துளியைக் கலந்து மாலைதோறும் தோய்த்துப் பார்க்கலாம். கணக்குப்படி பத்து இலட்சத்தில் 200 பங்கைத் தாண்டினால் பெரும்பாலும் மூன்று நாளுக்குள் குட்டி. தாண்டாவிட்டால் அன்றிரவு நீங்கள் தூங்கலாம். பதினொரு மாதமாக நீங்கள் அளந்து போட்ட கல் இப்போது பாலில் வந்து நிற்கிறது.

குட்டி அநேகமாக இரவில்தான் வரும். ஆள் நடமாட்டம் இருந்தால் பெட்டை நோவைத் தள்ளிப்போடவும் வல்லது. ஆகவே விளக்கைக் குறைத்து எட்ட நின்று பாருங்கள். வியர்க்கும், படுக்கும், எழும், பக்கம் திரும்பிப் பார்க்கும். பனிக்குடம் உடைந்தபின் மாட்டு அனுபவத்தை மறந்துவிட வேண்டும். பசு இரண்டு மூன்று மணித்தியாலம் முக்கலாம். பெட்டைக்குதிரை 20 முதல் 30 நிமிடத்தில் ஈன்று முடிக்க வேண்டும். முதல் பத்து நிமிடத்தில் இரு முன்னங்கால்களும், ஒன்று சற்று முந்தி ஒன்று பிந்தி, அவற்றின் மேல் மூக்கும் தெரியாவிட்டால் வைத்தியருக்குப் போன் செய்யுங்கள். காலை வரை பார்க்கலாம் என்ற பொறுமை இங்கே கொலை. வெளிவருவது வெளுத்த மினுங்கும் பையாக இருந்தால் நலம். வெல்வெட் போலச் சிவந்த பை முன்னே வந்தால் சூல்வித்தகம் முன்கூட்டியே பிரிந்துவிட்டது என்று பொருள், குட்டிக்கு ஒட்சிசன் இல்லை. கத்தரியால் அந்தக் கணமே பையை வெட்டிக் குட்டியை இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

தொப்புள்கொடியை வெட்ட வேண்டாம். தாய் எழும்போதோ குட்டி உதைக்கும்போதோ தானே அறும். நீர்த்த குளோர்ஹெக்ஸிடின் கரைசலில் தோய்த்துவிட்டால் போதும். குட்டியின் குளம்பைப் பார்த்தீர்களானால் மஞ்சளும் வெள்ளையுமாக மென்மையான விரல்கள்போலத் தொங்கும். கருப்பை கிழியாமலிருக்க இயற்கை மாட்டிவிட்ட உறை அது. நடக்க நடக்கத் தேய்ந்துபோகும். ஒரு மணித்தியாலத்தில் குட்டி நிற்க வேண்டும், இரண்டில் பால் குடிக்க வேண்டும், மூன்றில் தாய் இளங்கொடி போட வேண்டும்.

அந்த இரண்டாவது மணித்தியாலம் ஏன் அவ்வளவு முக்கியம்? மனிதக் குழந்தை தாயின் பிறபொருளெதிரிகளைச் சூல்வித்தகம் வழியாகவே வாங்கிக்கொண்டு பிறக்கும். குதிரையின் சூல்வித்தகமோ தாயின் இரத்தத்துக்கும் குட்டியின் இரத்தத்துக்கும் இடையில் ஆறு அடுக்குச் சுவர். பிறபொருளெதிரி ஒன்றுகூடத் தாண்டாது. குட்டி நோயெதிர்ப்பு இல்லாத வெற்றுடலோடு லாயத்துச் சாணத்தில் வந்து விழுகிறது. அதற்கான காப்பு முழுவதும் கடும்புப்பாலில் இருக்கிறது, நான் சொன்ன ஏற்புவலித் தடுப்பின் பயனும் அதில்தான். குட்டியின் சிறுகுடல் அந்தப் பெரிய மூலக்கூறுகளை அப்படியே விழுங்கும் வாயில்களைச் சில மணித்தியாலங்களுக்குத்தான் திறந்து வைத்திருக்கும். ஆறாவது மணியிலிருந்தே அவை மூடத் தொடங்கும், 24 மணிக்குள் அடைத்துவிடும். அதற்குள் ஒன்றிரண்டு லீற்றர் உள்ளே போயிருக்க வேண்டும். மாடு ஈன்ற வீட்டில் கடும்பு அவித்துச் சீனி போட்டு அயலுக்கும் கொடுப்பது நம் வழக்கம். அருமையான வழக்கந்தான். ஆனால் குதிரையின் கடும்பில் ஒரு துளியும் குட்டியைத் தவிர வேறெவருக்கும் உரியதன்று. மறுநாள் குட்டியின் இரத்தத்தில் பிறபொருளெதிரி லீற்றருக்கு 8 கிராம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். குறைந்திருந்தால் வேறு குதிரையின் இரத்தத் திரவவிழையத்தை நாளத்தில் ஏற்ற வேண்டிவரும்.

கடைசியாக இளங்கொடி. பசு போடாமல் அரைநாள் வைத்திருந்தாலும் நாம் பதறுவதில்லை. பெட்டைக்குதிரை மூன்று மணித்தியாலத்தைத் தாண்டினால் அவசரம். உள்ளே தங்கிய துண்டின் நஞ்சு இரத்தத்தில் ஏறிக் குளம்புகளை அழற்சியாக்கி, நேற்றுவரை ஓடிய குதிரையை நிற்கவிடாமல் செய்துவிடும். கையால் இழுக்கக் கூடாது. தொங்குவதை மிதிபடாதபடி முடிந்துவிட்டு வைத்தியரை அழையுங்கள். விழுந்துவிட்டாலோ, பசுவின் இளங்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டுவோமே, அந்தக் கையோடு கொண்டுபோய்க் கட்டிவிட வேண்டாம். அதைத் தரையில் விரித்து இரு கொம்பும் நுனிவரை முழுதாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நிறுக்கவும் வேண்டும். குட்டியின் எடையில் 10, 11 சதவீதம் இருந்தால் சரி, 45 கிலோ குட்டிக்கு ஐந்து கிலோ அளவில். அதற்கு மேல் மிகக் கனத்தால் அழற்சி இருந்திருக்கும், குட்டியைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பேராதனையிலிருந்து வைத்தியர் வரும்வரை ஒரு வாளியில் சுத்தமான தண்ணீர் தெளித்து மூடி, நாய்க்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.